சிறுநீரில் நுரையா? கிண்ணத்தைக் கவனியுங்கள்!

காலையில் எழுந்ததும் கண்ணாடி பார்க்கிறோம். நாக்கை நீட்டிக்கூடப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால், அன்றைக்குக் கழிக்கிற முதல் சிறுநீரை ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறோமா? 'சீச்சீ, அதைப் போய்...' என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுகிறோம். உடம்பு நமக்கு அனுப்பிவைத்த ஒரு சேதியும் சில சமயம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து போய்விடுகிறது!

சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டுபிடிக்க எட்டு வகைத் தேர்வுகள் உண்டு. அதில் ஒன்று மூத்திரம். நீரைப் பார்க்கும்போது நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தையும் பார்க்கவேண்டும் என்பது கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். எஞ்சல் என்றால், வழக்கத்தைவிட அளவு குறைந்துபோவது. இந்த ஐந்தில் நான்காவதாக வருகிற நுரையைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறோம்.

நுரை எங்கிருந்து வருகிறது? அது தெரியவேண்டும் என்றால், சிறுநீரகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டிக் கிண்ணத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது ஒரு காபி ஃபில்டர்!

கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயைப் பார்த்திருப்பீர்கள். நம் சிறுநீரகமும் அதே வடிவம்தான், கைமுஷ்டி அளவு இருக்கும். வெளியே பார்க்க வழவழவென்று ஒரே கட்டியாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு சிறுநீரகத்துக்குள்ளும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்று அவற்றுக்குப் பெயர். பிறக்கும்போது எத்தனை வாங்கிவந்தோமோ அத்தனைதான். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது.

உங்கள் வீட்டு காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். சக்கை மேலேயே தங்கிவிடுகிறது. டிகாஷன் மட்டும் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நெஃப்ரானின் தலைப்பகுதியில் நடப்பதும் இதேதான். நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் பந்துபோலச் சுருண்டு கிடக்கின்றன. அதற்குக் குளாமருலஸ் என்று பெயர். ஃபில்டரின் மேல் பாத்திரம் இதுதான். அதிலிருந்து வடிகிற நீரை ஏந்திக்கொள்ளும் கீழ்ப் பாத்திரம்தான், பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் படித்த 'பௌமானின் கிண்ணம்'.

ஒரே ஒரு வித்தியாசம். இங்கே மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! பாதி ஊதிய பலூனுக்குள் முஷ்டியை அழுத்தினால் எப்படி இருக்கும்? பலூனின் ஒரு பக்கம் உங்கள் கையைப் போர்த்திக்கொள்ளும். இன்னொரு பக்கம் வெளியே சுவர்போல நிற்கும். நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் வடிந்த நீர் சேர்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட நுண்குழலுக்குள் இறங்கிப் போகிறது. இவ்வளவு வேலையும் நடக்கிற அந்தக் கிண்ணத்தின் அகலம், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இத்தாலியைச் சேர்ந்த மால்பிஜி 1666-லேயே சிறுநீரகத்தில் இந்தக் குட்டி உருண்டைகளைப் பார்த்து எழுதிவைத்தார். ஆனால், உருண்டையைச் சுற்றியிருக்கும் உறையும் சிறுநீர் ஓடும் நுண்குழலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை என்பதைத் தெளிவாகக் காட்டியவர், இங்கிலாந்தின் வில்லியம் பௌமன். ரத்தக்குழாய்களில் நிறமேற்றும் திரவங்களைச் செலுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1842-ல் அவர் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 25. பின்னாளில் கண் மருத்துவராகப் பெரும் பெயர் வாங்கிய அவர் பெயர், கிண்ணத்தில் நிலைத்துவிட்டது.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம்!

இரண்டு சிறுநீரகங்களிலும் உள்ள கிண்ணங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏந்துகிற நீர் எவ்வளவு தெரியுமா? சுமார் 180 லிட்டர்! 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம். அத்தனையும் வெளியே போனால் நாம் என்ன ஆவோம்? நல்ல வேளையாக, கிண்ணத்திலிருந்து இறங்கும் நுண்குழல் அதில் தேவையான தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. கடைசியில் வெளியே வருவது ஒன்றரை லிட்டர் மட்டும்தான்.

சரி, எதைக் கீழே விடுவது, எதை மேலே நிறுத்துவது என்று ஃபில்டருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் போடிநாயக்கனூருக்கு வந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கிய ஏலக்காயை ஏலத்துக்கு அனுப்பும் முன்பு தரம் பிரிப்பார்கள். 8 மி.மீ. துளையுள்ள சல்லடையில் போட்டுச் சலித்தால், பருத்த காய் மேலே நிற்கும். சின்னக் காய் கீழே விழும். ரத்தச் சல்லடையும் அப்படித்தான். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா போன்ற பொடிப் பொருள்கள் கிண்ணத்தில் விழுகின்றன. ரத்த அணுக்களும், அல்புமின் போன்ற பெரிய புரதங்களும் மேலேயே நின்றுவிடுகின்றன.

இந்தச் சல்லடையின் கடைசிக் காவல், கிண்ணத்தின் உட்பக்கச் சுவர்தான். அதிலுள்ள செல்கள் ரத்தக்குழாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு கை விரல்களையும் கோர்த்துக்கொண்டால் நடுவே சின்னச் சின்ன இடுக்குகள் தெரியுமல்லவா... அதுபோல இந்தச் செல்களின் கால்கள் ஒன்றோடொன்று கோர்த்து, இடையே மெல்லிய இடுக்குகளை விட்டு நிற்கின்றன. இந்தச் செல்கள் அழிந்தால் அந்த இடத்தில் புதிது வளர்வது மிக அரிது. அதனால்தான் இருக்கிறபோதே காப்பாற்றவேண்டும் என்கிறோம்.

சல்லடையில் ஒரு கம்பி விலகினால் என்ன ஆகும்? பருத்த காயும் கீழே விழும். ரத்தத்தில் நிற்கவேண்டிய அல்புமின், சிறுநீரில் இறங்கிவிடும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் எப்படி நுரைக்கிறது? அந்த வகைப் புரதம்தான் இதுவும். சிறுநீரில் நுரை கட்டுவதன் ரகசியம் இதுதான்!

ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது அல்புமின்தான். அது குறையக் குறைய நீர் வெளியே கசிந்து, காலையில் கண் இமை வீங்கும். சாயங்காலம் செருப்பு இறுக்கும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும்.

வலிக்காது... அதுதான் ஆபத்து!

"கிட்னியில் கோளாறு என்றால் இடுப்பு வலிக்குமே, எனக்கு ஒரு வலியும் இல்லையே அய்யா" என்று சொல்பவர்கள் அநேகம். வலிப்பது கல். எரிவது நீர்க்கடுப்பு. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள், கழிப்பறை வசதி இல்லையே என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கல்லும் கடுப்பும் வரும். வலி பொறுக்காமல் வைத்தியரிடமும் வந்துவிடுவார்கள்.

ஆனால், கிண்ணத்துச் சல்லடை கிழிந்தால் வலிக்கவே வலிக்காது. லட்சக்கணக்கான ஃபில்டர்கள் இருப்பதால், கெட்டுப்போனதன் வேலையையும் மற்றவை இழுத்துப்போட்டுச் செய்யும். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறித் தெரிவதற்குள் ஏறக்குறைய பாதி வேலைத்திறன் போயிருக்கும். அதற்கு வெகுமுன்பே துப்புச் சொல்வது சிறுநீரில் இறங்கும் அல்புமின் ஒன்றுதான்.

சல்லடையைக் கிழிப்பது யார்?

முதல் ஆள் சர்க்கரை நோய். பல வருஷம் கட்டுப்படாத சர்க்கரை, சல்லடைச் சவ்வைத் தடிக்கவைத்து ஓட்டையாக்கும்.

இரண்டாவது ஆள் ரத்தக்கொதிப்பு. ரத்தப் பந்துக்கு ஓர் உள்வாசல், ஒரு வெளிவாசல் உண்டு. வெளிவாசல் குறுகலானது. அதனால்தான் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் வடிகிறது. பிரஷர் எகிறினால் இந்த அழுத்தமும் எகிறி, சல்லடை நைந்துபோகும். டாக்டர் கொடுக்கிற சில பிரஷர் மாத்திரைகள் வெளிவாசலைக் கொஞ்சம் திறந்துவிடுகின்றன. சர்க்கரைக்கு வந்திருக்கும் சில புதிய மாத்திரைகள் உள்வாசலை அளவாகச் சுருக்குகின்றன. இரண்டும் சல்லடைக்கு நிம்மதி தருபவை. 'பிரஷர் நார்மல் ஆகிவிட்டது' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, குழந்தைகளின் சிரங்கும் தொண்டைப் புண்ணும். ஒருவகைக் கிருமி தொண்டையில் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, அல்லது தோலில் சிரங்காக வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, சல்லடையில் அழற்சியை உண்டாக்கும். முகம் உப்பி, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போகும். 'சிரங்குதானே' என்று விடாதீர்கள். நிறம் மாறினால் அன்றைக்கே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பெரும்பாலான குழந்தைகள் முழுசாகத் தேறிவிடுவார்கள்.

அரிதாகச் சிலருக்கு, கிண்ணத்தின் வெளிச்சுவர்ச் செல்கள் பெருகி, பிறைநிலா வடிவில் கிண்ணத்தையே அடைத்துக்கொள்ளும். சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடிய அவசர நிலை இது. சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ, சிவந்தாலோ கஷாயம் வைத்துக் காத்திருக்கும் நேரம் அல்ல.

நான்காவது, வலி மாத்திரை. தோட்ட வேலை முடிந்து உடம்பு வலிக்கிறது என்று கடையில் தினமும் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இந்த வகை மாத்திரைகள் பல, உள்வாசலை இறுக்கி ரத்த வரத்தையே குறைத்துவிடும்.

சிவப்பழகுக்குக் கொடுத்த விலை

ஐந்தாவது ஆளைத் தனியாகவே சொல்லவேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் நடந்த விஷயம் இது. கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சல்லடைச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, வழக்கமாக அபூர்வமாகக் காணப்படும் ஒரே ரகம். டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டபோது, 15 பேரில் 13 பேர் முகத்துக்கு சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது! கிரீமில் இருந்தது பாதரசம். 2024-ல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் இந்த விவரம் வெளிவந்தது.

பாதரசம் தோலின் கருமை நிறம் உருவாவதைத் தடுக்கும். அதனால் சில வாரத்தில் முகம் வெளுக்கும். ஆனால், பூசிய பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குழப்பி, கிண்ணத்துக் காவல் செல்களின் காலடியிலேயே படிவுகளை உண்டாக்கும். முகம் வெளுக்க வெளுக்க, சிறுநீர் நுரைக்கும். முகப்பூச்சில் தவறிக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி. தயாரித்த கம்பெனியின் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், சேர்மானப் பட்டியல் இல்லாத டப்பாவை, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கிரீமோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் இதே நோய் ரகத்துக்கும் தொடர்பு இருப்பதை, 2022-ல் தமிழகத்து மருத்துவர்கள் அதே இதழில் எழுதியிருக்கிறார்கள். என் மருத்துவத்திலும் ரசம் சேர்ந்த மருந்துகள் உண்டு. அவற்றைச் சுத்தி செய்து, அளவோடு, பத்தியத்தோடு, நாள்கணக்கு வைத்துக் கொடுக்கவேண்டும் என்று நூல்கள் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணமே, அது விளையாட்டுப் பொருள் அல்ல என்பதுதான். பேர் இல்லாத பொட்டலத்தில் வருகிற செந்தூரத்துக்கு யார் பொறுப்பு? ஆகவே, எந்த நாட்டு மருந்தானாலும் பதிவு பெற்ற மருத்துவரிடம், பெயரைக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'இதில் ரசம், பாஷாணம், உலோகம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா?' என்று கேட்பது உங்கள் உரிமை. சேர்ந்திருந்தால், சாப்பிடும் முன்பும் இடையிலும் சிறுநீரைப் பரிசோதியுங்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள் அந்த மருந்துகள் பக்கமே போகவேண்டாம்.

ஆறுதலான விஷயமும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்து, பாதரசத்தை நிறுத்தியவர்களில் பலருக்குப் புரதக் கசிவு குறைந்திருக்கிறது.

எப்போது பரிசோதிப்பது?

வேகமாக விழுந்தால் யாருடைய சிறுநீரும் சற்று நுரைக்கும். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். சில நிமிஷங்கள் கழிந்தும் சோப்பு நுரைபோல நின்று, பல நாள் தொடர்ந்தால்தான் சந்தேகப்படவேண்டும். டாய்லெட் கழுவும் திரவத்தாலும் நுரை வரும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் லேபுக்குப் போங்கள்.

'சிறுநீர் அல்புமின் - கிரியாட்டினின் விகிதம்' என்று கேளுங்கள். காலை முதல் சிறுநீர் கொஞ்சம் போதும். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை சல்லடை கசியத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 300-க்கு மேல் போனால் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். காய்ச்சல், கடுமையான உழைப்பு, மாதவிலக்கு, நீர்த்தொற்று இருக்கும்போது எண் பொய் சொல்லலாம். மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள், ரத்தக்கொதிப்புக்காரர்கள், குடும்பத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு பிரஷரும் அல்புமினும் சேர்ந்து வந்தால் அபாய அறிகுறி. செலவுக்குப் பயப்படாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீர் அல்புமினைப் பார்க்கும் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியிருக்கிறது.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*நெருஞ்சில் கஷாயம் குடித்தால் கிழிந்த சல்லடை சரியாகுமா?*

நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை எல்லாம் நீரைப் பெருக்க நாங்கள் கொடுக்கும் மூலிகைகள். நீர்ச்சுருக்குக்கு உதவும். ஆனால், கிழிந்த சல்லடையை அவை தைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் நம்புவது மிகவும் தவறு. கிரியாட்டினின் ஏறியவர்கள் கஷாயம் எதையும் சிறுநீரக மருத்துவருக்குத் தெரியாமல் குடிக்கவேண்டாம்.

*நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகுமே?*

கல் உள்ளவருக்குத் தண்ணீர் நல்லது. உடம்பு வீங்கியவருக்கு அளவு மீறினால் மூச்சுத் திணறலில் கொண்டுவிடும். டாக்டர் சொன்ன அளவுதான் உங்கள் அளவு.

*இளநீர், வாழைத்தண்டு?*

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குத் தடையில்லை. கிரியாட்டினின் ஏறியவருக்கு இவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே குலைக்கலாம். நட்சத்திரப் பழம், புளிச்சைச் சுவையுள்ள பிலிம்பிக்காய்ச் சாறு இரண்டும் இன்னும் மோசம். அவற்றிலுள்ள ஆக்ஸலேட், நல்ல சிறுநீரகத்தையே திடீரென்று அடைத்துவிட்ட சம்பவங்கள் உண்டு. மருந்து என்று நினைத்து டம்ளர் கணக்கில் குடிக்காதீர்கள்.

*புரதம் ஒழுகுகிறதே, முட்டையும் கறியும் கூடுதலாகச் சாப்பிட்டு ஈடுகட்டலாமா?*

கூடாது. அதிகப் புரதம் சல்லடையின் மேல் பாரத்தைத்தான் ஏற்றும். பட்டினியும் வேண்டாம். டாக்டரிடம் அளவு கேட்டுச் சாப்பிடுங்கள். முதலில் கைவைக்கவேண்டியது உப்பில். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனி எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி!

வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர் யாராவது இருந்தால், இந்த மாதமே ஒரு நாள் காலையில் ஒரு சின்ன பாட்டிலோடு அவரை லேபுக்கு அழைத்துப்போங்கள். அலமாரியில் பெயர் தெரியாத கிரீம் டப்பாவோ, லேகிய டப்பாவோ இருந்தால், பூசியவரும் சாப்பிட்டவரும் அதையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டட்டும்.